எபெரின் இருபத்தாறு பேர்

"உனக்குப் பிடிக்காதத எவனாவது எழுதியிருந்தா, அதையும் சத்தமா படிச்சிடுவியா?"

நான்கு வருடத்துக்கு முன்னால் தோன் லீபர் நிபியாவிடம் இப்படிக் கேட்டார். அவர் அப்போது வடவிண்மீன் கால்பந்துக் கழகத்தின் செயலாளர். கண்புரை முற்றி, தலைநகரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விடுவதாக முடிவெடுத்திருந்தார். மூடியில் நீளமாக ஓட்டை போட்ட பழைய பிஸ்கட் டின்னை அவள் பக்கம் தள்ளி வைத்துவிட்டுத்தான் கேட்டார். படித்துவிடுவதாக நிபியா தலையாட்டினாள். பயிற்சியாளரின் அம்மாவைப் பற்றி யாராவது ஓரத்தில் கிறுக்கியிருப்பார்கள், அதைத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். வேறு என்ன பிடிக்காமல் போகப் போகிறது?

சான் எலாதியோ ஊரில் உலகக் கோப்பை முதல் ஆட்டத்தன்று தொடங்குவதில்லை. தேசிய அணிக்கான இருபத்தாறு பேரைப் பயிற்சியாளர் அறிவிப்பதற்கு முந்தைய நாளே தொடங்கிவிடும். அன்று மதியம் பன்னிரண்டு மணிக்குள் கழகத்துக்காரர்கள் ஒவ்வொருவரும் தாங்கள் பயிற்சியாளராக இருந்தால் யார் யாரை எடுப்பார்கள் என்று ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, அந்த டின்னில் போட்டுவிட வேண்டும். இருபத்தைந்து பேர் இருந்தாலும் செல்லாது, இருபத்தேழு பேர் இருந்தாலும் செல்லாது. பன்னிரண்டுக்கு மேல் ஓர் எழுத்தைக்கூடத் திருத்த முடியாது. சாயங்காலம் எல்லார் முன்னிலையிலும் எல்லாப் பட்டியலும் உரக்கப் படிக்கப்படும். எழுதியவர் எழுந்து நின்று கேலியை வாங்கிக்கொள்ள வேண்டும். மறுநாள் யாருடைய பட்டியல் பயிற்சியாளரின் பட்டியலோடு அதிகமாக ஒத்துப்போகிறதோ அவருக்கு, உலகக் கோப்பை முடியும்வரை கணப்படுப்புக்குப் பக்கத்து நாற்காலி. அந்த நாட்டில் குளிர்காலமான ஜூன் மாதத்தில் அந்த நாற்காலிக்காக அண்ணனும் தம்பியும் பேச்சை விட்டதுண்டு.

படிப்பவர் மட்டும் பட்டியல் எழுதக் கூடாது. அதனால்தான் நிபியாவைப் பிடித்தார்கள். கழகத்தின் கான்டீனை நடத்துகிறவள் அவள். காபி கேட்டால் காபி கொடுப்பாள். எந்த அணி ஜெயிக்கும் என்று கேட்டால் மேசையைத் துடைக்கப் போய்விடுவாள். நாலு பேர் தன்னைப் பார்த்தாலே கழுத்து சிவந்துவிடும். ஆனால் கையில் ஒரு தாளைக் கொடுத்து, இன்னொருவர் எழுதியதைப் படி என்றால், தலையைக் குனிந்துகொண்டு கணீரென்று படிப்பாள். வார்த்தை தன்னுடையது இல்லை என்றால் அவளுக்குக் கூச்சமே கிடையாது.

யோசித்துப் பார்த்தால் அவள் பாதி வாழ்நாள் அப்படித்தான் போயிருந்தது.

எபெர் லரோசா அவளுடைய அக்காள் புருஷன். வேலி கட்டுகிறவர். மேய்ச்சல் நிலங்களில் கம்பம் நட்டு, கம்பி இழுத்து, வாரம் முழுக்கக் கூடாரத்தில் கிடப்பார். சனிக்கிழமைதான் ஊருக்கு வருவார். அக்கா தெல்மா இறந்தபோது பையன் யமாந்துவுக்குப் பதினொரு வயது. அன்றிலிருந்து அப்பாவும் மகனும் நிபியா வழியாகவே பேசிக்கொண்டார்கள். சண்டை ஒன்றும் இல்லை. தெல்மா இருந்தபோது தெல்மா வழியாகப் பேசினார்கள், இப்போது இவள் வழியாக, அவ்வளவுதான். ஒரே சமையலறையில் நான்கடி தூரத்தில் நின்றுகொண்டு, ஷூ பத்தவில்லை என்று அவரிடம் சொல்லுங்கள் சித்தி என்பான் அவன். இரண்டு நாள் பொறுக்கச் சொல்லு என்பார் இவர். நடுவில் நின்று நிபியா இரண்டையும் ஒருமுறை திருப்பிச் சொல்வாள்.

பதினைந்து வயதில் பையனைத் தலைநகரத்து அணி ஒன்று கொண்டுபோனது. இருபத்தொன்றில் போர்ச்சுகலுக்குப் போனான். இடது பின்காவல் ஆட்டக்காரன், லெஃப்ட் பேக். ஞாயிற்றுக்கிழமைகளில் எபெர் கான்டீனுக்கு வந்து, மத்தே என்கிற கசப்புத் தேநீர்க் குடுவையையும் வெந்நீர் ஃபிளாஸ்கையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நிபியாவின் லேப்டாப்பில் ஆட்டத்தைப் பார்ப்பார். ஆரம்பித்ததிலிருந்து முடியும்வரை வாய் திறக்க மாட்டார். ஆட்டம் முடிந்து ஒரு மணி நேரத்தில் நிபியாவின் போன் அடிக்கும். எபெர் எழுந்து தொப்பியை மாட்டிக்கொள்வார். "நல்லா இருந்துச்சுன்னு சொல்லு," என்று சொல்லிவிட்டு வெளியே போய்விடுவார். நிபியா சொல்வாள். அந்தப் பக்கம் பையனின் குரல் கொஞ்சம் நிமிரும். இந்த வருடம் முப்பத்து நான்கு ஆட்டம். முப்பத்து நான்கு தடவை சொன்னாள். ஒரு ஞாயிறு மழையில் எபெரின் வண்டி சேற்றில் புதைந்துவிட்டது; ஒன்பது கிலோமீட்டர் நடந்தே வந்து, சொட்டச் சொட்ட உட்கார்ந்து பார்த்தார். அன்றும் நல்லா இருந்துச்சுதான்.

இந்த முறை பயிற்சியாளரின் ஐம்பத்தைந்து பேர் கொண்ட முதல் பட்டியலில் யமாந்துவின் பெயர் இருந்தது. சான் எலாதியோ தோன்றியதிலிருந்து அந்த ஊர்க்காரன் எவனும் தேசிய அணியின் வானநீலச் சட்டை போட்டதில்லை. பேக்கரியில் வானநீலக் கிரீம் வைத்த கேக் வந்துவிட்டது. பங்குத் தந்தை ஞாயிறு பிரசங்கத்தில் கடவுளின் இடது பக்கம் உட்கார்ந்திருப்பவரைப் பற்றி ஒரு ஜோக் சொன்னார். பாஸ்போர்ட் காலாவதி ஆகவில்லையே என்று கேட்டு பயிற்சியாளரின் உதவியாளர் போன் செய்ததாக ஒரு செய்தி வேறு. சீசன் முடிந்து பையன் ஊருக்கு வந்து ஐந்து நாள் ஆகியிருந்தது.

அறிவிப்புக்கு முந்தைய நாள். பன்னிரண்டு அடித்ததும் நிபியா டின்னைத் திறந்து பெயர்களை எண்ணத் தொடங்கினாள். மொத்தம் பத்தொன்பது தாள். பஸ் ஓட்டும் வில்மர் இருபத்தேழு பேர் எழுதியிருந்தார். யாரையும் கழிக்க அவருக்கு மனசு வராது. அதைத் தனியே எடுத்து வைத்தாள். மற்றதெல்லாம் சரியாக இருந்தது. அதுவரை எண்ணிய எல்லாத் தாளிலும் யமாந்து லரோசா இருந்தான். சிலர் கோல்கீப்பர்களுக்கும் முன்னால், முதல் வரியிலேயே எழுதியிருந்தார்கள். கசாப்புக் கடை வாஷிங்டன் அந்தப் பெயரை மட்டும் இரண்டு தடவை அழுத்தி எழுதியதில் தாள் கிழிந்திருந்தது.

கடைசியாகக் கைக்கு வந்த எபெரின் தாள் கட்டம் போட்டது. வேலி அளவு குறிக்கும் நோட்டிலிருந்து கிழித்தது. கம்பம் நட்ட மாதிரி நேர் நேரான எழுத்து. கோல்கீப்பர் மூவர். வலது பின்காவல் இருவர். இடது பின்காவல்: காம்போமார், இத்துர்பிதே. பிறகு நடுக்காவல்.

நிபியா விரலை வைத்து மேலிருந்து எண்ணினாள். இருபத்தாறு. கீழிருந்து எண்ணினாள். இருபத்தாறுதான். தாளைத் திருப்பிப் பார்த்தாள். பின்னால் ஏதோ கம்பி நீளக் கணக்கு.

கணப்படுப்பின் மூடி திறந்திருந்தது. இந்த ஒரு தாள் உள்ளே விழுந்தால், எபெர் இந்த முறை எழுத மறந்துவிட்டார் என்று சொல்லிவிடலாம். யாரும் கேட்க மாட்டார்கள். பதற்றத்தில் மறந்துவிட்டார் என்று சிரிப்பார்கள். கட்டிக்கொள்ளக்கூடச் செய்வார்கள். நிபியா சூட்டில் கன்னம் எரிகிறவரை அங்கேயே நின்றாள். வில்மரின் தாள் செல்லாது என்று சற்று முன் தனியே எடுத்து வைத்த அதே கை. அடுப்பை மூடிவிட்டு வெளியே போனாள்.

எபெர் கழகத்து மைதானத்தில், வடக்குக் கோல் கம்பத்துக்குப் பின்னால், பந்து பட்டுப்பட்டுத் தொய்ந்த கம்பி வேலியை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"எபெர், ஒரு பேர் விட்டுப்போச்சு."

"இருபத்தாறு இருக்குமே."

"யமாந்து இல்ல."

அவர் கம்பியை முறுக்கி, முனையை வெட்டி, விரலால் தட்டிப் பார்த்தார். "லெஃப்ட் பேக்குக்கு ரெண்டு இடம்தான். காம்போமார், இத்துர்பிதே."

நிபியா நகரவில்லை. அவள் நகராததைப் பார்த்து, ஒரு வருடத்தில் பேசாத அளவுக்கு எபெர் பேசினார். பையன் முன்னால் ஏறிப் போகும்போது போர்ச்சுகலிலேயே அவனைப் போல ஆள் இல்லை. ஆனால் செப்டம்பரிலிருந்து, பந்து பறிபோனால் திரும்பி வருவதில் ஒரு சுணக்கம். பதினொரு கோல் அவன் விட்ட பக்கத்திலிருந்து விழுந்திருக்கிறது. எந்தெந்த ஆட்டம், எத்தனையாவது நிமிடம் என்று வரிசையாகச் சொன்னார். காம்போமாருக்கு அவ்வளவு அழகான கால் கிடையாது, ஆனால் எப்போதும் நிற்க வேண்டிய இடத்தில் நிற்பான்.

"எல்லாரும் அவன் ஏறி ஓடறத பாக்கறாங்க," என்றார். "திரும்பி வர்றத நான் பாக்கறேன்."

"ஞாயித்துக்கிழமையெல்லாம் நல்லா இருந்துச்சுன்னுதான சொல்லச் சொன்னீங்க?"

"அவ்வளவு தூரத்துல தனியா கெடக்கறவன்கிட்ட வேற என்னத்த சொல்றது?"

"அப்ப இன்னிக்கு மட்டும்?"

"இது பட்டியல், நிபியா. இதுல மனசுல பட்டதத்தான் எழுதணும். இல்லாட்டி எதுக்கு எழுதறது?"

நிபியாவின் கழுத்து சிவந்தது. ஆனால் இது கூச்சம் இல்லை என்று அவளுக்கே தெரிந்தது. "முப்பத்து நாலு தடவ உங்க பொய்ய என் வாயால சொன்னேன். இப்ப உண்மையையும் நானே சொல்லணுமா? ஊரு முன்னால, அவன் மூஞ்சிய பாத்துட்டு?"

எபெர் இடுக்கியை மடக்கிப் பையில் போட்டார். தானே சொல்லிவிடுவதாகச் சொன்னார். எப்போது என்று கேட்டாள். படிப்பதற்கு முன்னால் என்றார். ஏழு மணிக்குத்தான் படிப்பது. அவள் திரும்பி நடந்தாள்.

ஆறு மணிக்கே கழகம் நிரம்பிவிட்டது. கணப்படுப்பு, ஈரக் கம்பளி, பொரித்த மாவு, எல்லாம் கலந்த வாசனை. வாதம் தொடங்கியிருந்தது. முப்பத்தேழு வயது மெந்தாரோவை எடுப்பதா வேண்டாமா என்பதில் இந்த ஊரில் இரண்டு கட்சி. அவன் நொண்டினாலும் பரவாயில்லை, தூக்கிக்கொண்டாவது போக வேண்டும், அவன் உடை மாற்றும் அறையில் இருந்தாலே மற்றவர்களுக்கு முதுகு நிமிரும் என்பது வாஷிங்டனின் கட்சி. எதிர்க்கட்சிக்குத் தலைவி கணக்கு டீச்சர் எல்பா. ஒவ்வொரு பட்டியலுக்கும் சராசரி வயது போட்டு வைத்திருப்பவர்.

"பழைய கறிய எப்படித் தள்ளிவிடறதுன்னு உங்களுக்குத்தான் தெரியும் வாஷிங்டன்," என்றார் டீச்சர். "கடையில செய்யறத அணியிலயும் செய்யச் சொல்றீங்க."

"நீங்க எடுத்திருக்கற பசங்களுக்கு மீசையே மொளைக்கல டீச்சர். தேசிய கீதத்துல ரெண்டாவது வரிக்கு மேல வாய மட்டும்தான் அசைக்கிறானுங்க."

வில்மரின் இருபத்தேழாவது ஆளை பஸ் கூரையில் கட்டிக் கொண்டுபோகலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். பயிற்சியாளர் ஒரு கழுதை என்பதில் மட்டும் இரண்டு கட்சிக்கும் ஒற்றுமை இருந்தது. பிறகு பேச்சு மூன்றாவது கோல்கீப்பருக்கு வந்தது. ஒரு நிமிடம்கூட ஆடப் போகாதவன். அந்த இடத்துக்கு நல்ல ஆட்டக்காரன் தேவையே இல்லை, நாற்பது நாள் முகம் சுளிக்காமல் மற்றவர்களுக்குப் பந்து பொறுக்கிப் போடுகிற குணம்தான் தேவை என்றார் டீச்சர். வாஷிங்டன் சிரிக்க வாயெடுத்தார், சிரிப்பு வரவில்லை. ஆடாமல் இருப்பதற்காகவே ஒருவனைத் தேர்ந்தெடுப்பது எப்படி இருக்கும், தேர்ந்தெடுக்கப்பட்டவனுக்கு எப்படி இருக்கும் என்று கொஞ்ச நேரம் எல்லாரும் அதையே பேசினார்கள்.

நிபியா தம்ளர் கழுவிக்கொண்டே கேட்டாள். பட்டியல் எழுதுவது என்றால் பெயர்களைச் சேர்ப்பது என்றே எல்லாரும் நினைக்கிறார்கள். ஒரு பெயரை எழுதும்போது எங்கோ ஒரு வீட்டில், ரேடியோ முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒருவனை வேண்டாம் என்று சொல்கிறோம் என்பது யாருக்கும் நினைவில் இல்லை. அவனுக்கு முகம் இல்லாததால் அது சுலபமாக இருக்கிறது. எபெருக்கு மட்டும் அது சுலபமாக இருந்திருக்காது.

யமாந்து ஆறரைக்கு வந்தான். கைதட்டி, தோளைத் தட்டி, அவனைக் கணப்புக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். ஒரு பெண் கைக்குழந்தையை அவன் மடியில் வைத்துப் படம் எடுத்தாள். அவன் எல்லாருக்கும் சிரித்தான். நிபியாவைப் பார்த்துக் கண்ணடித்தான். அந்தக் கண்ணடிப்பிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. எபெர் இன்னும் சொல்லவில்லை.

ஏழுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது எபெர் வந்தார். கதவுப் பக்கமே நின்றுகொண்டார். நிபியா அவரையே பார்த்தாள். அவர் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏழு மணிக்கு டின்னைக் குலுக்கினார்கள். கைக்கு வந்த வரிசையில் எடுத்துப் படிப்பதுதான் வழக்கம். முதல் ஏழு பட்டியலும் சிரிப்பும் கூச்சலுமாகப் போயின. யமாந்து லரோசா என்று வரும்போதெல்லாம் மேசைகள் அதிர்ந்தன. எட்டாவதாகக் கட்டம் போட்ட தாள் வந்தது.

"எபெர் லரோசா," என்று படித்தாள். பெரிய கைதட்டல். அது அடங்கிய பிறகும் நிபியா அடுத்த வரியைப் படிக்கவில்லை. எல்லாரும் தன்னைப் பார்ப்பது கழுத்தில் சுட்டது. தலையைக் குனிந்து படித்துவிட்டால் இன்னொரு முறை தப்பித்துக்கொள்ளலாம்.

"இத எழுதினவரே படிக்கட்டும்," என்றாள்.

அப்படி வழக்கம் இல்லையே என்றார் வாஷிங்டன்.

"தெரியும். ஆனா இத நான் படிக்க மாட்டேன்." தாளை மேசைக்கு மேல் நீட்டிக்கொண்டு நின்றாள். கை வலிக்கும்வரை நின்றிருப்பாள் போலிருந்தது.

எபெர் கூட்டத்தைக் கடந்து வந்து அதை வாங்கினார். கம்பங்களை எண்ணுகிற மாதிரிப் படித்தார். ஒவ்வொரு பெயருக்குப் பிறகும் ஒரே அளவு இடைவெளி. "காம்போமார். இத்துர்பிதே." பிறகு நடுக்காவலுக்குப் போய்விட்டார்.

"இரு இரு," என்றார் வாஷிங்டன். "ஒண்ண தாண்டிட்ட. கண்ணாடிய போடுய்யா."

"தாண்டல."

இருபத்தாறையும் முடித்தார். தாளை மடித்தார். யமாந்துவின் முகத்தில் சிரிப்பு இன்னும் இருந்தது, எடுத்து வைக்க மறந்த பொருள் மாதிரி. அவன் அப்பாவைப் பார்க்கவில்லை. நிபியாவைப் பார்த்தான்.

"சித்தி, ஏன்னு கேளுங்க."

"நீயே கேளு," என்றாள் நிபியா. "அங்கதான நிக்கறாரு."

அடுப்பில் ஒரு விறகு சரிந்து விழுந்தது. யாரும் அதைத் திருப்பி வைக்கவில்லை.

"ஏன்?" என்றான் யமாந்து.

"திரும்பி வர லேட்டாகுது."

"எப்பலேருந்து?"

"செப்டம்பர்லேருந்து."

"அப்ப ஞாயித்துக்கிழமையெல்லாம் சொன்னது?" எபெர் மடித்த தாளைச் சட்டைப் பையில் வைத்தார். பையன் நிபியாவிடம் திரும்பினான். அவளுக்கு முன்பே தெரியுமா என்று கேட்டான். இன்று மத்தியானம்தான் தெரியும் என்றாள். அவன் தலையசைத்துக்கொண்டான்.

வாஷிங்டனுக்குப் பொறுக்கவில்லை. பெற்ற பிள்ளையை இப்படி ஊர் முன்னால் கழிக்கிறவனை எங்கும் பார்த்ததில்லை என்று ஆரம்பித்து, எபெருக்கு ஃபுட்பாலைப் பற்றி என்ன தெரியும், எத்தனை ஆட்டம் பார்த்துவிட்டான் என்று வந்து நின்றார்.

"முப்பத்து நாலு," என்றார் எபெர். "நீ எத்தன பாத்த?"

வாஷிங்டன் போனில் கோல்களை மட்டும் பார்த்திருந்தார். டீச்சர் இரண்டு ஆட்டம் பார்த்திருந்தார், இரண்டாவதில் பாதியில் தூங்கிப்போனார். வில்மர் ஒன்றுகூடப் பார்த்ததில்லை. யமாந்து ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தான். அவன் பெயரை முதல் வரியில் எழுதியவர்கள், தாள் கிழிய எழுதியவர்கள். எல்லாரும் வேறெங்கோ பார்த்தார்கள்.

மீதிப் பட்டியல்களை நிபியா படித்து முடித்தாள். முடிக்காமல் கலைய முடியாது. ஒவ்வொன்றிலும் அவன் பெயர் வந்தது. யாரும் கைதட்டவில்லை. எடை பார்க்காமல் தட்டில் அள்ளிப் போட்ட பண்டம் மாதிரி அந்தப் பெயர் லேசாகிவிட்டதாக அவளுக்குத் தோன்றியது. கடைசித் தாளை வைத்தபோது யமாந்து எழுந்து எல்லாருக்கும் பொதுவாக வணக்கம் சொல்லிவிட்டுப் போனான். எபெர் கொஞ்சம் பொறுத்து இன்னொரு கதவு வழியாகப் போனார்.

மறுநாள் பதினொரு மணிக்கு டிவியில் பயிற்சியாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு காகிதத்தைப் பிரித்தார். கழகத்தில் நிற்க இடமில்லை. யமாந்து சுவரோரம் நண்பர்களுக்கு நடுவில் நின்றான். எபெர் கான்டீன் மேசையின் ஓரத்தில், வேலைக்குப் போகிற உடுப்பில் நின்றார். வருவாரோ மாட்டாரோ என்று நிபியா காலையிலிருந்து பயந்துகொண்டிருந்தாள். இவன் ஒரு விமானத்தில் ஏறி, அவர் ஒரு கூடாரத்துக்குள் போய்விட்டால், அப்புறம் ஞாயிற்றுக்கிழமை போனில் அவள் என்னத்தைச் சொல்வாள்?

கோல்கீப்பர்கள். வலது பின்காவல். பயிற்சியாளர் தண்ணீர் குடித்தார். கூட்டத்திலிருந்து கெட்ட வார்த்தை ஒன்று கேட்டது.

"காம்போமார். லரோசா."

நாற்காலிகள் விழுந்தன. மற்ற பெயர்களை யாரும் கேட்கவில்லை. மெந்தாரோ வந்தானா இல்லையா என்பதுகூடச் சாயங்காலம்தான் தெரிந்தது. நேற்று கழுதை என்று சொன்ன பயிற்சியாளரை வாஷிங்டன் அழுதுகொண்டே மேதை என்றார். யமாந்துவைத் தோளில் தூக்கி இரண்டு சுற்றுச் சுற்றினார்கள். எபெரைத் தாண்டிப் போனவர்கள் ஆளுக்கொரு வார்த்தை போட்டுவிட்டுப் போனார்கள். கோச்சுக்குத் தெரிந்தது அப்பனுக்குத் தெரியவில்லையே என்றார் வில்மர். எபெர் வழக்கப்படி நின்று வாங்கிக்கொண்டார்.

யமாந்து தோளிலிருந்து இறங்கி மேசைப் பக்கம் வந்தான். கூட்டம் வழிவிட்டது. கட்டிக்கொள்ளப் போகிறார்கள் என்று சிலர் போனை உயர்த்திப் பிடித்தார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் நிபியா, இந்தப் பக்கம் அவர்கள் இருவரும். பழக்கதோஷத்தில் பையன் அவளைப் பார்த்தான். எபெரும் அவளைத்தான் பார்த்தார். அவள் ஒரு தம்ளரை எடுத்துத் துடைக்கத் தொடங்கினாள். ஏற்கெனவே துடைத்த தம்ளர்.

எபெர் தொண்டையைக் கனைத்தார். "இத்துர்பிதேயத்தான் எடுத்திருக்கணும்," என்று மகனிடம் சொன்னார்.

சுற்றி நின்றவர்கள் முகம் மாறியது. இன்றைக்குமா என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

"ஏன் லேட்டாகுதுன்னு நீங்க கேக்கவே இல்லையே," என்றான் யமாந்து.

எபெர் அவன் பக்கம் திரும்பினார். "ஏன்?"

"திரும்பி ஓடாதேன்னு எங்க கிளப் கோச் சொல்லியிருக்காரு. பந்து போனாலும் மேலயே நில்லு, அடுத்த பந்து உனக்குத்தான் வரும்ங்கறாரு. என் எடத்த நடுவுல ஆடறவன் வந்து மூடணும். அவன் வர்றதில்ல."

"எட்டாம் நம்பரா?"

"ஆமா."

எபெர் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். முப்பத்து நான்கு ஆட்டத்தையும் தலைக்குள் திருப்பி ஓட்டிப் பார்ப்பவர் போலிருந்தார். "அவன நான் பாக்கவே இல்ல."

"என்னத்தான பாத்துட்டிருந்தீங்க," என்றான் மகன்.

போன்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. இவர்கள் கட்டிக்கொள்ளப் போவதில்லை என்று தெரிந்ததும் கூட்டம் மெல்ல டிவி பக்கம் நகர்ந்தது.

எபெர் விடவில்லை. அப்படிப் பார்த்தாலும் மார்ச்சில், மழை பெய்த ஆட்டத்தில், அந்த இரண்டாவது கோலுக்கு எட்டாம் நம்பர் என்ன செய்வான் என்று கேட்டார். அது தன் தப்புதான் என்று பையன் ஒப்புக்கொண்டான். அப்படியானால் டிசம்பர்? டிசம்பர் வேறு, டிசம்பரில் தான் மூன்றடிகூட நகர்ந்திருக்கவில்லை என்றான். நகர்ந்திருந்தாய் என்றார் அவர். உப்புக் குப்பியை எடுத்து மேசையில் வைத்து, இது நீ என்றார். பையன் ஒரு காபிக் கோப்பையை இழுத்து, அப்போது இது எட்டாம் நம்பர் என்று வைத்தான். அவ்வளவு பக்கத்தில் இல்லை என்று எபெர் அதை நகர்த்தினார். இல்லை, இங்கேதான் என்று பையன் திருப்பி வைத்தான். எதிரணிக்கு ஆள் போதவில்லை. இருவர் கையும் நிபியாவைத் தாண்டி, அவள் துடைத்து அடுக்கிய தம்ளர்களுக்கு நீண்டன. அவள் கையில் இருந்ததையும் எபெர் வாங்கிக்கொண்டார், அவள் முகத்தைப் பார்க்காமலே.

இரண்டு பேரும் ஒருவர் பேச்சை இன்னொருவர் வெட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நிபியா ஏப்ரனை அவிழ்த்து ஆணியில் மாட்டினாள். கோட்டைப் போட்டுக்கொண்டு, பின்கதவைத் திறந்து, யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் வெளியே போனாள்.